எந்த ஊர் ஜீப்?

இணையத்தில் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அவர் ஞாபகம்தான் வரும். ஞாபகம் வந்த கையோடு கோபமும் வரும். கோபத்தை அடக்கிக்கொண்டு, அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா என்று சொல்லிவிடுவேன். பொய்தான். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்கு அது தெரியாமலா போகும்? அவர் இப்போது எங்கே இருக்கிறார், இன்னும் எழுதுகிறாரா என்பதுதான் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

கம்பத்தில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, கீழேயிருந்து ஏறி வருகிற உர வாடை. தேனி மாவட்டத்துச் செய்திகளை மட்டும் போடுகிற இணையதளம். நான் அச்சுப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்து, அந்தப் பதிப்பை இழுத்து மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தவள். ஏலக்காய் விலை, அணை நீர்மட்டம், கோயில் திருவிழா எல்லாம் என் பாடு. ஜனங்கள் விழுந்து விழுந்து படிக்கிற செய்தியெல்லாம் அவர் பாடு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் ஏம்மா என்பார்.

அவர் தொழிலைக் கற்றுக்கொண்ட இடம் பஸ். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. கம்பத்திலிருந்து தேனி போகிற பஸ்ஸில் ஒரு வேலையும் இல்லாமல் ஏறுவார். செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளாகத் தேடிப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். அந்த ஆளின் கட்டை விரல் எந்த வரியில் நிற்கிறது, எந்த வரியில் சலித்துப்போய் அடுத்ததுக்குத் தாவுகிறது என்று பார்த்துக்கொண்டே தேனி வரைக்கும் போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார். ஒருமுறை உத்தமபாளையத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளை திரும்பிப் பார்த்துச் சத்தம் போட, கண்டக்டர் இவரை நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டார். வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தவர் அவமானப்பட்ட ஆள் மாதிரியே இல்லை.

“ஏம்மா, உக்காந்து வர்றவுக வேகவேகமாத் தள்ளிட்டுப் போறாக. நின்னுக்கிட்டு வர்றவுக பொறுமையாப் படிக்கிறாக. ஏன்னு சொல்லு பாப்போம்?”

“அடி வாங்காம வந்தீகளே, அதைச் சொல்லுங்க மொதல்ல” என்றேன்.

பஸ்ஸில் அவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். படிக்கிறவருக்கு எது வேண்டுமோ அதைக் கையில் கொடுத்துவிட்டால் அவர் போய்விடுவார். கொடுக்காமல் வைத்திருந்தால் கடைசி வரைக்கும் கூடவே வருவார். அவர் எழுதிய எல்லாமும் இந்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்து வந்தவை. தலைப்பில் ஒரு கேள்வி, முதல் பத்தியில் கொஞ்சம் ஆசை காட்டல், நடுவில் ஒரு படம், ஒரு விளம்பரம். கேட்டதற்குப் பதில் எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கும். வாக்கியங்கள் மட்டும் அத்தனை லட்சணமாக இருக்கும். சின்னச் சின்னதாக, கல் தட்டாத சோறாக. ஒரு வார்த்தையை மாற்ற ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிழை திருத்திப் பழகிய நான் அவர் எழுதியதில் கை வைக்க இடம் தேடித் தோற்றுப்போயிருக்கிறேன்.

அந்தப் பழக்கம் அவர் நாக்கிலும் ஏறிவிட்டிருந்தது. அவர் சம்சாரம் மதியச் சாப்பாடு கொண்டுவரும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து அழாத குறையாகச் சொல்லும். “பால் தீந்துபோச்சாம்ங்கிறதைச் சொல்றதுக்கு, கடைக்காரரு சேர்ல இருந்து எந்திரிச்சதுல இருந்து ஆரம்பிக்கிறாரும்மா. அதுக்குள்ள டீக்கு வச்ச தண்ணி சுண்டிப் போயிருது.” அவர் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அப்போதெல்லாம் அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

நான் ‘ஏலக்காய் விலை இறங்கியது’ என்று போட்டு வைத்தால், காலையில் அது ‘ஏலக்காய் விவசாயிகளே, இன்று நடந்ததைப் பார்த்தீர்களா?’ என்று மாறியிருக்கும். போடியிலிருந்து ஒரு வியாபாரி போன் போட்டுக் கிழித்தார். “ஏத்தமா, இறக்கமா? அதை ஒரு வார்த்தையில சொல்ல உங்களுக்கு வலிக்குதா? நான் என்ன கதையா படிக்க வந்தேன்?” இவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “கடைசி வரைக்கும் படிச்சிருக்காருல்ல?”

சுருளியில் தண்ணீர் அதிகமாக வந்து குளிக்கத் தடை போட்ட அன்று, ‘சுருளி அருவிக்குக் கிளம்பிவிட்டீர்களா? வனத்துறையின் திடீர் முடிவு!’ என்று போட்டார். தடை என்கிற சொல் கடைசிப் பத்தியில் இருந்தது. ஆண்டிபட்டியிலிருந்து ஒரு குடும்பம் திதி கொடுக்க வேன் பிடித்து வந்து, அருவி வாசலில் தடுப்பைப் பார்த்துவிட்டு எங்களைப் போனில் கூப்பிட்டது. “கிளம்பிட்டீகளான்னு கேட்டீக. கிளம்பிட்டோம்யா. வராதீகன்னு எங்கன சொன்னீக?” என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார். இவர் நாள் முழுக்க அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி ரசித்தார். நல்ல தலைப்பும்மா அது என்றார். சீ, என்ன மனுஷன் இவர் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது.

தோன்றினாலும் வெறுக்க முடியவில்லை. அதே ஆண்டிபட்டியிலிருந்து ஒருவர், ஞாபகம் தப்பிப்போன தன் அப்பாவைக் காணவில்லை என்று போட்டோவோடு அழுதுகொண்டு வந்தார். நெசவுக்காரக் குடும்பம். வேறு யாராக இருந்தாலும் வயது, உயரம், சட்டை நிறம் என்று நாலு வரி எழுதி அனுப்பியிருப்பார்கள். இவர் அந்த மகனை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அப்பா எப்படி நடப்பார், என்ன பேசுவார், யாரைப் பார்த்தால் சிரிப்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் மதுரைக்குப் போகுமா என்று கேட்பாராம். ‘மதுரைக்குப் போகுமா என்று கேட்கிற பெரியவர் ஒருவர் இன்று உங்கள் பஸ்ஸில் ஏறினாரா?’ என்று ஆரம்பித்து எழுதினார். அன்று பொழுது சாய்வதற்குள் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கண்டக்டர் பேசினார். மகன் வந்து இவர் காலில் விழப் போக, இவர் அந்த ஆளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

“அண்ணே, இதுல மட்டும் வேண்டியதை மொத வரியிலயே வச்சிட்டீக பாத்தீகளா?” என்றேன்.

“அது காணாமப் போன ஆளும்மா. நியூஸ் வேற.”

இந்தப் பதிலை நான் அப்போதே பிடித்து உலுக்கியிருந்தாலும் அவர் மாறியிருக்க மாட்டார். அத்தனை நிச்சயமாகச் சொன்னார்.

இனி ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப் ஏறாத தெரு கிடையாது. கேரள எல்லைக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிற பெண்கள். ஆள் சேர்க்கிற கங்காணி தன் ஊர் ஆட்களைத்தான் ஏற்றுவார். அதனால் ஒரு ஜீப் என்றால் ஒரு ஊர். தேவாரத்து ஜீப், சுருளிப்பட்டி ஜீப் என்றுதான் பேச்சே. மலையில் ஏதாவது ஒன்று கவிழ்ந்துவிட்டது என்று காதில் விழுந்தால் யாரும் எத்தனை பேர் என்று கேட்க மாட்டார்கள். எந்த ஊர் ஜீப் என்றுதான் கேட்பார்கள். ஊர்ப் பெயர் தெரிந்துவிட்டால் அந்த ஒரு ஊர் ஓடும். மற்ற ஊர்களெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டு, பாவம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கும். தோட்டத்துக்குள் போய்விட்ட பெண்களுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றால் சிக்னல் கிடைக்காது. சாயங்காலம் ஜீப் இறங்கி வந்தால்தான் உண்டு.

அன்று காலையில் போடிமெட்டு வழியில் தேவாரத்து ஜீப் ஒன்று கவிழ்ந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. கை கால் முறிந்து சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செய்தி எங்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. அவர் உட்கார்ந்து ஒரே மூச்சில் அடித்தார். நான் பின்னால் நின்று தலைப்பைப் படித்தேன். ‘மலையில் உருண்ட தோட்டத் தொழிலாளர் ஜீப்! உள்ளே இருந்தது எந்த ஊர்ப் பெண்கள்?’

“அண்ணே, இதுல விளையாடாதீக. ஊர் பேரை மேல போடுங்க.”

“போட்டா தேவாரத்துக்காரவுக மட்டும்தான் படிப்பாக. போடலைன்னா இந்தப் பள்ளத்தாக்கே படிக்கும்.”

“படிக்க மாட்டாக. பதறுவாக.”

“பதறுனாத்தானம்மா படிப்பாக” என்றார். குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் பார்த்த கட்டை விரலைப் பற்றிச் சொல்கிற அதே குரல்தான். பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார். முதலாளி தேனியிலிருந்து போன் போட்டு, பிரமாதம் என்று சொன்னார்.

மத்தியானம் வாக்கில், மலைக்குப் போகிற இன்னொரு பாதையான கம்பமெட்டுச் சாலையில் ஒரு விபத்து என்று போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்தவர் சொன்னார். அடிபட்டவர் சுருளிப்பட்டிக்காரர். மொபட்டில் மலையேறிப் போனவர், வளைவில் இறங்கி வந்த லாரியில் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டார். சம்சாரம் போன ஜீப்தான் கவிழ்ந்தது என்று நினைத்துத் தேடிப் போயிருக்கிறார். அந்தம்மா தோட்டத்தில் ஒரு குறையும் இல்லாமல் காய் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சாயங்காலம் இறங்கி வந்த ஜீப் அந்த வளைவில் மெதுவாக நகர்ந்தபோது, ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த மொபட்டைப் பார்த்து, “இது எங்க வண்டி மாதிரியில்ல இருக்கு” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னதாம்.

இந்தச் செய்தியையும் அவர்தான் எழுதினார். ‘மனைவியைத் தேடி ஓடிய கணவர்... மலை வளைவில் காத்திருந்தது என்ன?’ உள்ளே, தவறான தகவலை நம்பிக் கிளம்பியதாக ஒரு வரி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“எந்தத் தகவலண்ணே தவறு? காலையில நீங்க போட்டதுல ஒரு எழுத்து பொய் உண்டா?”

“வாட்ஸ்அப்புல எவனாச்சும் கிளப்பி விட்டிருப்பான்மா” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ‘ஓடிய’ என்பதை ‘பதறி ஓடிய’ என்று மாற்றினார். அந்த வருஷம் முழுக்க எங்கள் தளத்தில் அதிகம் பேர் படித்த செய்தி அதுதான் என்று முதலாளி சொல்லி எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் தொடவில்லை. அவர் சாப்பிட்டார். சாப்பிடுகிறாரே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அந்தம்மா வந்தது.

தனியாகத்தான் வந்தது. படியில் ஏறி வந்த மூச்சிரைப்போடு வாசலில் நின்று, “செல்போன்ல நியூஸ் போடுறது இங்கனதானா?” என்று கேட்டது. சுருளிப்பட்டி என்று சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அது உட்காரவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாது. அன்னைக்குக் காலையில டீக்கடையில உக்காந்து எங்க வீட்டுக்காரரு எதையோ படிச்சாகளாம். எந்த ஊரு, எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டே டீயைக் கீழ வச்சிட்டு வண்டிய எடுத்தாகளாம். கடைக்காரரு சொன்னாரு. அவுக என்னத்தைப் படிச்சாகன்னு எனக்குத் தெரியணும். அதை எழுதுன ஆளு யாரு?”

அவர் எழுந்து நின்றார். நான்தாம்மா என்றார்.

“படிச்சுக் காட்டு.”

அவர் செல்போனை எடுத்துத் தேடினார். நான் வேண்டுமானால் படிக்கிறேன் என்று எழுந்தேன். நீ இரு தாயி, அவரு படிக்கட்டும் என்று அந்தம்மா என்னை உட்காரவைத்துவிட்டது.

தலைப்பைப் படித்தார். பிறகு: “விடிந்தும் விடியாத வேளை. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, தூக்குவாளியோடு கிளம்பிய அந்தப் பெண்களுக்கு மலை இன்று என்ன வைத்திருக்கிறது என்று தெரியாது.”

“ஆமா. நானும் அப்பிடித்தான் கெளம்புனேன். எந்த ஊருன்னு இன்னும் வரலையே?”

“வரும்மா. ‘வளைவில் திரும்பிய ஜீப், கண்ணிமைக்கும் நேரத்தில் தடுப்புச் சுவரில் மோதி...’”

“எந்த வளைவு? போடிமெட்டா, கம்பமெட்டா?”

“அது கீழ வரும்மா.”

“சரி. படி.”

“‘அலறல் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் கண்ட காட்சி கல் நெஞ்சையும் கரைக்கும். அந்தப் பெண்கள் யார்? அவர்களுக்காகக் காத்திருக்கும் அந்தக் குடும்பங்கள் எந்த ஊரில் இருக்கின்றன?’”

“ஏய்யா, அதைத்தானே நானும் கேக்குறேன். நீ என்னையக் கேக்குறியே?”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அடுத்து ஒரு படம். அதற்கடுத்து ஒரு விளம்பரம். அதைத் தாண்டி ‘மேலும் படிக்க’ என்கிற பட்டன் வந்தது. அழுத்தினார்.

“இப்ப என்னத்தைத் தொட்டே?”

“இதை அமுக்குனாத்தான் மிச்சம் வரும்மா.”

“அவுகளுக்கு அது தெரியாது” என்றது அந்தம்மா.

அவர் அதற்குமேல் குரலே இல்லாமல் படித்தார். தேவாரம் என்கிற பெயர் வந்தபோது நிறுத்திவிட்டார். அந்தம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தது.

“தேவாரமா. தேவாரத்து ஆளுக போடிமெட்டு வழியாவுல்ல போவாக. நாங்க கம்பமெட்டு. இது எங்க ஊருல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. தேவாரம்னு தெரியாமயா அவுக வண்டிய எடுத்தாக?” அந்தம்மா அழவில்லை. “அவுக எழுத்துக் கூட்டித்தான்யா படிப்பாக. ஒரு வரியப் படிக்கிறதுக்குள்ள டீ ஆறிப் போயிரும். நீ எழுதியிருக்கிற இம்புட்டையும் தாண்டி இந்த எடத்துக்கு வரணும்னா அவுகளுக்கு மத்தியானம் ஆயிருக்கும். அம்புட்டு நேரம் நான் உசுரோட இருக்கேனா இல்லையான்னு தெரியாம எப்பிடி உக்காந்து படிப்பாக?”

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். ஆரம்பமே கிடைக்கவில்லை. அத்தனை வருஷத்தில் அவருக்கு முதல் வரி வராமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அந்த ஊர் பேரை எடுத்து மேல போடு” என்றது அந்தம்மா.

“அம்மா, அது பழசாயிருச்சு. இப்ப யாரும்...”

“போடுய்யா.”

போட்டார். என் கண் முன்னால், அழகாகக் கோத்து வைத்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தார். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரை அந்தம்மா விடவில்லை. மொதல்ல இருந்து படி என்றது.

“‘போடிமெட்டுச் சாலையில் தேவாரம் ஜீப் கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. காயமடைந்தவர்கள்...’”

அந்தம்மா கையை உயர்த்தி நிறுத்தியது.

“போதும். இம்புட்டு இருந்திருந்தா டீயைக் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்திருப்பாக.”